பேன்சி கடை ஜிகினா ரப்பர் மீனுக்கு ஆகுமா? – கேள்வி பதில்

மீன் பிடிக்கத் தூண்டிலில் மாட்டும் ரப்பர் மீனும் ரப்பர் புழுவும் வீட்டு மொட்டை மாடியில் அச்சில் ஊற்ற ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது. எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் ஜிகினாவைப் பற்றித்தான். எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

நாகர்கோவில்: அண்ணே, லூருக்கான (தூண்டிலில் மாட்டும் போலி இரைக்கான) ஜிகினா என்று ஆன்லைனில் யானை விலை சொல்கிறார்கள். பேன்சி கடையில் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைப்பதைப் போட்டால் என்ன?

வெள்ளி நிறம் என்றால் பெரும்பாலும் போடலாம் தம்பி. மற்ற நிறங்களைச் சோதிக்காமல் போடாதீர்கள்.

ஜிகினா எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். நல்ல ஜிகினா ஒரு பாலியெஸ்டர் தாள். அதன்மேல் அலுமினியம் மெல்லிசாகப் படிந்திருக்கும். அதற்கும் மேலேதான் நிறப்பூச்சு. பாலியெஸ்டர் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். நாம் அச்சில் ஊற்றும் திரவமான பிளாஸ்டிசாலைச் சூடாக்குவது 175 டிகிரி வரைதான். ஆக, தாளுக்கு ஒன்றும் ஆகாது. பூச்சுதான் பிரச்சினை. பிளாஸ்டிசாலில் பிவிசி தூளோடு எண்ணெய் போன்ற ஒரு திரவம் கலந்திருக்கிறது, பிளாஸ்டிசைசர் என்பார்கள். சூட்டில் அது மட்டமான சாயத்தைக் கரைத்து இழுத்துவிடும். சிவப்பு ஜிகினா போட்டால் ரப்பர் முழுக்க ரோஸ் நிறமாகும், ஜிகினா வெளுத்து வெள்ளியாக நிற்கும். வெள்ளி ஜிகினாவில் கரைவதற்குச் சாயமே இல்லை.

இன்னொரு வகையும் உண்டு. சில மலிவு ஜிகினா பிவிசி தாளிலேயே வெட்டப்பட்டது. பிளாஸ்டிசாலில் இருப்பதும் பிவிசிதான் என்பதால் அந்த எண்ணெயைக் குடித்து ஊறி, பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டுவிடும். வெள்ளியானாலும் இந்த வகை உதவாது. பாக்கெட்டில் எதுவும் எழுதியிருக்க மாட்டார்கள். அதனால் எதை வாங்கினாலும் முதலில் கரண்டிச் சோதனை.

ஆரம்பத்தில் ஒரு கடைக்காரர் சூடு தாங்கும் என்று சொன்னதை நம்பி அரைக்கிலோ சிவப்பு வாங்கினேன். ஊற்றிய அறுபது புழுவும் ரோஸ். அதோடு விடவில்லை, ஒரே பையில் கிடந்த வெள்ளைப் புழுக்களிலும் சாயம் ஏறிவிட்டது.

மதுரை: கரண்டிச் சோதனையை எப்படிச் செய்வது?

நிறம் எதுவும் கலக்காத பிளாஸ்டிசால் 30 மில்லி எடுங்கள். சூடேற்றினால் முதலில் பால் போல இருக்கும், பிறகு கட்டிதட்டும், கடைசியில் சர்க்கரைப் பாகு போலத் தெளியும். தெளிந்ததும் ஒரு சிட்டிகை ஜிகினா போட்டு, சூடு 175-ல் இருக்கும்படி ஐந்து நிமிடம் வையுங்கள். ஆறியதும் வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். சாயம் ஓடியிருக்கிறதா, ஓரம் சுருண்டிருக்கிறதா? இரண்டும் இல்லை என்றாலும் அவசரப்படாதீர்கள். அந்தத் துண்டை ஒரு வெள்ளைப் புழுவோடு பையில் போட்டு ஒரு வாரம் வையுங்கள். சில சாயம் சூட்டில் தப்பித்து, பைக்குள் மெதுவாக ஒழுகும்.

சென்னை: பிள்ளைகள் படம் வரையும் ஜிகினா பசை ட்யூப் வீட்டில் நிறைய இருக்கிறது. அதைப் பிழியலாமா?

வேண்டவே வேண்டாம். அந்தப் பசையில் தண்ணீர் இருக்கிறது. 175 டிகிரியில் இருக்கும் பிளாஸ்டிசாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் நொடியில் ஆவியாகிக் கொதிக்கும் பாகை முகத்தில் தெறிக்க வைக்கும். சமையல் எண்ணெய் தெறித்தால் துடைத்துவிடலாம், இது தோலில் ஒட்டிக்கொண்டு எரியும். கப்பு, கிளறும் குச்சி, அச்சு எல்லாமே எலும்பு காய்ந்த மாதிரி உலர்ந்திருக்க வேண்டும். கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் போடாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

திருப்பூர்: எங்கள் பிரின்டிங் பட்டறையில் பிளாஸ்டிசால் இங்க் டப்பா டப்பாவாக இருக்கிறது. அதிலேயே ஜிகினா கலந்து ஊற்றலாமா?

குடும்பம் ஒன்றுதான், வேலை வேறு. அந்த இங்க் துணிமேல் மெல்லிய படலமாக 160 டிகிரி வாக்கில் இறுகுவதற்குச் செய்தது. வால் ஆடும் மென்மை அதில் வராது. மீனுக்குத் தேவையே அந்த ஆட்டம்தான்.

சேலம்: தங்க நிறம் போடலாமா?

தங்கம் என்பது அலுமினியத்தின் மேல் மஞ்சள் சாயம். சோதிக்காமல் போடாதீர்கள்.

முத்துப்பேட்டை: அண்ணே, கோபிக்க வேண்டாம். எங்கள் பக்கம் அலையாத்திக் கால்வாயில் தண்ணீர் எப்போதும் கலங்கல். கொடுவா ஜிகினாவைப் பார்த்தா வந்து அடிக்கிறது? அது மீனவனைப் பிடிக்கப் போட்ட மினுக்கு.

டொரன்டோ: நானும் அதையே சொல்கிறேன் அண்ணா. 1949-ல் ஓஹையோவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் முதல் மென்பிளாஸ்டிக் புழுவைச் செய்தபோது மண்புழுவைப் போலத்தான் செய்தார். மண்புழு மினுங்குவதில்லை. பாஸ் மீன் அதைத்தான் விழுங்கியது.

பாம்பன்: எங்கள் கடலில் வந்து போட்டுப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் பேசட்டும்!

மூன்று பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

கலங்கல் தண்ணீரில் முத்துப்பேட்டைத் தம்பி சொல்வது சரி. வெளிச்சமே உள்ளே இறங்காத இடத்தில் பிரதிபலிக்க என்ன இருக்கிறது? அங்கே மீன் தன் உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு என்ற உணர்வுறுப்பால் அதிர்வை உணர்ந்துதான் வருகிறது. பெரிய வாலும், கறுப்பு அல்லது அடர்ந்த நிறமும்தான் அங்கே வேலை செய்யும். விராலுக்கு நான் ஊற்றும் கறுப்புத் தவளையில் ஜிகினா சிட்டிகைகூடக் கிடையாது.

தெளிந்த நீரில் கதை வேறு. சாளை, நெத்திலி கூட்டம் திரும்பும்போது பளிச் பளிச்சென்று மின்னுமே, அது செதிலுக்கடியில் இருக்கும் குவானின் என்ற படிகம் ஒளியைத் திருப்புவதால்தான். ரப்பர் மீனில் வெள்ளி ஜிகினா நடிப்பது அந்த வேடம். பாம்பனில் ஒரே நாளில், ஒரே ஜிக்ஹெட்டில் (எடைத் தலை வைத்த கொக்கியில்), ஜிகினா உள்ளதையும் இல்லாததையும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன். வெயில் ஏறியபின் மின்னியதற்குத்தான் அடி அதிகம், மேகம் மூடியதும் வித்தியாசம் தெரியவில்லை.

டொரன்டோத் தம்பிக்கு ஒன்று. மண்புழுவை நடிக்கும் லூருக்கு மினுக்கு தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். மீனை நடிக்கும் லூருக்கு அந்த நியாயம் பொருந்தாது. எதை நடிக்கிறது என்று முடிவு செய்துவிட்டு ஜிகினா டப்பாவைத் திறங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். தெளிந்த தண்ணீரிலும் ஆழம் கூடக்கூடச் சிவப்புதான் முதலில் மங்கும். அப்படியிருக்க, சாயம் ஓடும் சிவப்பு ஜிகினாவுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? மலிவு வெள்ளியை வாங்குங்கள், மிச்சப் பணத்தை நல்ல பிளாஸ்டிசாலுக்குப் போடுங்கள்.

கோவை: பச்சை, நீலம் போடலாமா?

சேலத்துக்குச் சொன்ன பதில்தான். எல்லா நிறத்துக்கும் அதுவேதான்.

திருச்சி: ஜிகினா எல்லாம் அடியில் தங்கி, மீனின் ஒரு பக்கம் மட்டும் மின்னுகிறது.

இரண்டு காரணம். ஒன்று, சீக்கிரமே போட்டுவிடுகிறீர்கள். பாகு தெளிந்து, ஊற்றுவதற்குச் சற்று முன்னால் போடுங்கள், ஒவ்வொரு ஊற்றுக்கும் முன் அடியிலிருந்து கிளறுங்கள். இரண்டு, பாகு அதிகச் சூட்டில் தண்ணீராக ஓடுகிறது, கொஞ்சம் ஆறவிடுங்கள். அளவு, ஒரு கப் பிளாஸ்டிசாலுக்கு அரையிலிருந்து ஒரு டீஸ்பூன். அதற்கு மேல் போனால் ரப்பர் எளிதில் கிழியும். பாக்கெட்டில் துகளின் அளவு 1/128 (அங்குலம்) என்றிருந்தால் 0.2 மில்லிமீட்டர், அது மாவு மாதிரி கலந்து சாம்பல் நிறம் காட்டும். 1/64, அதாவது 0.4 மில்லிமீட்டர், சின்ன மீனுக்கு அளவு. பெரிய மீனுக்கு 0.9.

வேலூர்: சமையலறை மைக்ரோவேவில் சூடாக்கலாமா? சாப்பாட்டுக்கும் அதுதான்.

கூடாது. இதற்கென்று பழைய மைக்ரோவேவ் ஒன்றை வாங்கி வெளியே வையுங்கள், கப்பும் தனி. பிளாஸ்டிசால் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், மூக்கையும் நெஞ்சையும் எரிக்கும். மஞ்சளாக மாற ஆரம்பித்தாலே சூட்டை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பாரிஸ்: அண்ணா, இங்கே 2023 அக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் ஜிகினாத் தூள் விற்பனைக்குக் கட்டுப்பாடு. கடையில் செல்லுலோஸ் ஜிகினா தருகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நுண்பிளாஸ்டிக் சட்டம் அது, நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். செல்லுலோஸ் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் என்ன செய்யும் என்று சென்னைக்குச் சொல்லியிருக்கிறேன். அதைவிட மைக்கா முத்துப்பொடி வாங்குங்கள். அது கனிமம், சூட்டுக்கு அசையாது. புள்ளி புள்ளியாக மின்னாது, மீன் தோல் போல மொத்தமாகப் பளபளக்கும்.

கடலூர்: பிளாஸ்டர் அச்சு செய்திருக்கிறேன். நேற்றுதான் கழுவினேன், இன்று ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள்! பிளாஸ்டர் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். பல நாள் காயவைத்து, மேலே ஈரம் புகாமல் அடைக்கும் சீலர் பூசி, அதுவும் காய்ந்தபின் ஊற்றுங்கள். தண்ணீரைப் பற்றி இது மூன்றாவது முறை, கேட்பவர் எல்லோருக்கும் திரும்பச் சொல்வேன்.

ஈரோடு: மஞ்சள் ஜிகினா?

கரண்டிச் சோதனை.

யாழ்ப்பாணம்: கிழிந்த பழைய ரப்பர் மீன்களை உருக்கித் திரும்ப ஊற்றலாமா அண்ணா? உள்ளே ஜிகினா இருக்கிறது.

தாராளமாக. ஏரியிலோ கடலிலோ எறியாமல் சேர்த்து வைத்ததற்கே நன்றி. கொக்கி, உப்பு, ஈரம் எல்லாம் நீக்கிக் காயவைத்து, நிறவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இழுத்தால் பல மடங்கு நீளும், டிபிஇ என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்த லூர் இருந்தால் தனியே எடுத்துவிடுங்கள், அது இதோடு சேராது. ஒரே பெட்டியில் கிடந்தாலே இரண்டும் இளகி ஒட்டிக்கொள்ளும். உருகியது கெட்டியாக இருந்தால் புது பிளாஸ்டிசால் கொஞ்சம் சேருங்கள். பழைய ஜிகினா ஏற்கெனவே ஒருமுறை சூடு பார்த்தது, அதில் சாயம் ஓடவில்லை என்றால் புதிதாகப் போடவே வேண்டாம்.