யூத நோயாளியைப் பராமரிப்பவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி (வீட்டுப் பராமரிப்பாளர், ஜெருசலேம்): நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி, வெள்ளி இரவில் "அறை ரொம்பக் குளிருதே" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்க்கிறார். ஹீட்டரைப் போடு என்று நேராகச் சொன்னால் என்ன?

பதில்: வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை, சுமார் 25 மணி நேரம் சபாத், யூதரின் வாராந்தர ஓய்வுநாள். அப்போது யூதர் சுவிட்சைத் தொடமாட்டார். யூதரல்லாதவரை ஏவுவதும் பொதுவாகக் கூடாது. ஜாடையாகச் சொல்லச் சில இடங்களில் அனுமதி உண்டு. பாட்டி பழக்கத்தில் அதைத்தான் செய்கிறார். உண்மையில் அவர் நேராகவே கேட்கலாம். கடுங்குளிர் என்று வந்துவிட்டால் எல்லாரும் நோயாளிதான் என்பது ஷுல்ஹான் ஆருக் என்னும் சட்டநூலின் விதி. படுத்த படுக்கையாக இருப்பவரும் தமக்கு வேண்டியதை நேரடியாகக் கேட்கலாம்.

வெள்ளி மதியமே சிலதை முடித்துவையுங்கள்: இரவு விளக்கு எரியட்டும், ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் பல்பை அணைத்துவிடுங்கள், டாய்லெட் பேப்பரையும் பிளாஸ்திரியையும் முன்கூட்டியே கிழித்து வையுங்கள். சபாத்தில் கிழிப்பதும் வெட்டுவதும் தடைசெய்த வேலைகளில் சேரும்.

கேள்வி (அதே ஊர்): சபாத்தில் தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ரப்பியை (யூத மதகுருவை) கேட்கலாமா என்று குடும்பம் யோசித்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: உடனே ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்க வேண்டும். உயிர் காப்பது (பிக்குவாக் நெஃபெஷ்) சபாத் விதிகளைவிட மேலானது. 'சட்டங்களைக் கைக்கொள்பவன் அவற்றால் பிழைப்பான்' என்று லேவியராகமம் 18:5 சொல்கிறது. பிழைக்கத்தான், சாக அல்ல என்று தல்மூத் என்னும் பழைய யூதச் சட்ட விளக்கநூல் அதற்குப் பொருள் சொல்கிறது. ஆபத்து இருக்கலாம் என்ற சந்தேகமே போதும். அந்த நேரத்தில் நின்று கேள்வி கேட்பவன் இரத்தம் சிந்துபவன் என்றே பழைய வாக்கு இருக்கிறது.

வழக்கமாக நேரும் தவறு, யூதரல்லாத ஒருவர் வந்து போன் செய்யட்டும் என்று காத்திருப்பது. சட்டம் அதற்கு நேர் எதிர்: வயது வந்த யூதரே முன்வந்து செய்ய வேண்டும். இல்லாவிட்டால், அடுத்த முறை அப்படி ஓர் ஆள் கிடைக்காதபோது தயங்கி நின்றுவிடுவார்கள்.

கேள்வி (செவிலியர், லண்டன்): சபாத்தில் பிபி பார்க்கக்கூட மறுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: மூன்று படி இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் எந்தக் கருவியும் சரி. உடம்பு முழுக்கத் தளர்ந்த, படுத்துக்கிடக்கும் நோயாளிக்கு மருந்து கொடுக்கலாம், யூதரல்லாத நீங்கள் வேண்டியதைச் செய்யலாம். லேசான தலைவலி, சளி போன்றவற்றுக்கு மாத்திரைகூட வேண்டாம் என்பார்கள். மருந்தை இடித்துப் பொடிக்கும் வேலை பின்னால் வந்துவிடுமே என்று பழையகாலத்தில் போட்ட வேலி அது. தேவையென்றால் கையால் காற்றடிக்கும் பிபி கருவியும் ஸ்டெதாஸ்கோப்பும் எடுங்கள். மறுப்பு பெரும்பாலும் மின்சாரத்துக்குத்தான், அளப்பதற்கு அல்ல.

கேள்வி (டயட்டீஷியன், நியூயார்க்): யோம் கிப்பூர் (பாவமன்னிப்பு நாள்) உபவாசத்தில் நோயாளிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்கிறார்கள். அளவு என்ன?

பதில்: உபவாசம் ஆபத்து என்று டாக்டர் சொன்னால் முதலில் இந்த வழி. திட உணவு ஒரு தடவைக்கு 30 மில்லி கொள்ளளவுக்குக் குறைவாக. பிறகு 9 நிமிடம் இடைவெளி. பானத்துக்கு அளவு ஆளுக்கு ஆள் மாறும்: முந்தின நாளே ஒரு பக்கக் கன்னம் நிறையத் தண்ணீர் வைத்து, அதைக் கோப்பையில் துப்பி அளந்துகொள்ளச் சொல்லுங்கள், ஒரு தடவைக்கு அதற்கும் குறைவாக. பலருக்கு இது 40 மில்லி சுற்றி வரும். உணவும் பானமும் தனித்தனிக் கணக்கு, ஒன்றையொன்று சேர்க்க வேண்டாம்.

இப்படிப் பிரித்தது போதாது என்றால் இயல்பாகவே சாப்பிட வேண்டும். சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்குபவருக்கு 30 மில்லி கணக்குப் பார்க்காதீர்கள். உடனே சர்க்கரைத் தண்ணீர். டாக்டர் வேண்டாம் என்றாலும் நோயாளி "எனக்கு வேண்டும்" என்றால் அவர் பேச்சுதான் செல்லும். பிரசவமாகி முதல் மூன்று நாள் தாய் உபவாசமே இருக்கக்கூடாது. ஆபத்தான தவறு, நோன்புக்கு முன் இன்சுலின் அளவைச் சரிபார்க்காமல் பழைய அளவையே போட்டுக்கொள்வது.

கேள்வி: பன்றி யூதருக்கு விலக்கான உணவு. அதிலிருந்து வந்த ஹெபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசிமருந்து), ஜெலட்டின் கேப்சூல் கொடுக்கலாமா?

பதில்: ஊசியும் இதய வால்வும் சாப்பாடு ஆகாது, தடையில்லை. மெல்லாமல் விழுங்கும் கேப்சூலுக்கும் தேவையின்போது பலர் அனுமதிப்பர். சுவையான சிரப், மென்று தின்னும் மாத்திரைதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை. புளிக்கும் மாவு விலக்கான பஸ்கா பண்டிகை வாரத்தில் மாத்திரையில் மாவு கலந்திருக்குமோ என்று பயந்து பிபி மருந்தைத் தாமாகவே நிறுத்துகிறவர்கள் உண்டு. அப்படி நிறுத்த மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் (முன்தோல் நீக்கும் சடங்கு) எட்டாம் நாள் கட்டாயமா?

பதில்: ஆரோக்கியமான குழந்தைக்கு. மஞ்சள் காமாலை என்றால் காத்திருப்பார்கள். உடம்பு முழுவதையும் பாதித்த நோய் என்றால், குணமான பிறகு முழுசாக ஏழு நாள். ஒரு தாயின் இரண்டு பிள்ளைகள் இந்தச் சடங்கில் இறந்தால் மூன்றாவதுக்குச் செய்யாதே என்கிறது தல்மூத். ஹீமோபீலியா (இரத்தம் உறையாத பரம்பரை நோய்) என்ற பெயர் பிறக்கும் முன்பே, அது தாய்வழியில் வருவதை அவர்கள் கவனித்திருக்கிறார்கள்.

கேள்வி: மூளைச்சாவு? வென்டிலேட்டரை எடுக்கலாமா?

பதில்: இதில் ஒருமித்த கருத்து இல்லை. இஸ்ரேலின் தலைமை ரப்பினேட் (அரசு அங்கீகரித்த தலைமை மதகுருக்கள் அமைப்பு) 1986இல் மூளைச்சாவை மரணமாக ஏற்றது. பல ஹரேதி (மிகக் கண்டிப்பான மரபுவழி) ரப்பிகள் இதயம் நிற்கும்வரை உயிர் என்பார்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சி 1991 சட்டம் மத அடிப்படையில் மறுக்க இடமளிக்கிறது. ஆகவே அந்தந்தக் குடும்பத்தின் ரப்பி யார் என்று முதலிலேயே கேளுங்கள்.

மரணத்தறுவாயில் இருப்பவரின் மரணத்தை விரைவுபடுத்தக்கூடாது. உயிர் பிரிவதைத் தடுக்கும் சத்தம் போன்ற இடையூறை விலக்கலாம் என்பது பழைய விதி. இஸ்ரேலின் 2005 சட்டம் இதையொட்டியே, தொடர்ந்து ஓடும் சிகிச்சையை நிறுத்தாமல், சுற்றுச்சுற்றாகத் தரும் சிகிச்சையைப் புதுப்பிக்காமல் விட வழி செய்தது. வென்டிலேட்டருக்கு டைமர் என்ற யோசனை அதில் பிறந்ததுதான்: நேரம் முடிந்தால் புதுப்பிப்பதா என்று கேட்கலாம், பிடுங்க வேண்டியதில்லை.

இறந்தபின் உடலைத் தனியே விடாதீர்கள். குழாய்களை நீங்களாக உருவாதீர்கள். இரத்தம் படிந்த துணியைக் குப்பையில் போடாமல் குடும்பத்தாரிடம் கொடுங்கள், அதுவும் புதைக்கப்படும்.