போத்தல் யாருடைய பையில் இருந்தது?

கேள்வி: எனக்கு 29 வயது. மலையேறுவதில் விருப்பம், சிவனொளிபாதமலைக்கு நான்கு தடவை போயிருக்கிறேன். அத்தான் மூன்று வருடமாகக் கட்டாரில் கட்டட வேலை செய்கிறார். அக்காவும் அவருடைய 14 வயது மகனும் எங்களோடுதான் இருக்கிறார்கள். எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறானே என்று, ஆகஸ்ட் விடுமுறையில் நானும் இரண்டு நண்பர்களும் நக்கிள்ஸ் மலைப்பக்கம் போனபோது அவனையும் கூட்டிப்போனேன். ஏறி இறங்க மூன்று மணித்தியாலம் போதும் என்றார்கள். அவனுக்குப் பாரம் வேண்டாமென்று தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் என் பையிலேயே போட்டுக்கொண்டேன். அவன் பின்தங்கித்தான் வந்தான். ஒவ்வொரு வளைவிலும் நின்று காத்திருந்தோம். பன்னிரண்டரை போல தலையிடி என்றான், வாந்தி எடுத்தான், பாறையில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டான். நண்பர்களுக்கு முன்னால் வெட்கமாகிவிட்டது, கொஞ்சம் ஏசினேன். பிறகு கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தோம். தண்ணீர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்தானே, அவன் கேட்கவேயில்லை. இப்போது அக்கா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவனும் இனி எங்கேயும் வரமாட்டானாம். அக்காவுக்கு எப்படிப் புரியவைப்பது? இவனை எப்படித் துணிவுள்ள பிள்ளையாக்குவது?
— பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளும் கொஞ்சம் பொறுக்கட்டும். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “தண்ணீர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்தானே.” கடிதத்தை மடித்து வைத்த பிறகும் எனக்கு அந்த வரிதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

தண்ணீர் உங்கள் பையில். நீங்கள் முன்னால். பிள்ளை பின்னால். அப்படியென்றால் அவன் ஒரு மிடறு குடிக்க வேண்டுமானால் முதலில் உங்களை எட்டிப் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு மூன்று பெரிய ஆட்களுக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு “மாமா, தண்ணி” என்று வாய் திறக்க வேண்டும். நீங்கள் அவனுக்குப் பாரம் வேண்டாமென்று நினைத்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த மலையில் அவன் சுமந்திருக்க வேண்டிய ஒரே பாரம் அந்தப் போத்தல்தான். அதைத்தான் நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டீர்கள்.

ஒவ்வொரு வளைவிலும் காத்திருந்தோம் என்கிறீர்கள். எனக்கு அந்தக் காத்திருப்பும் தெரியும். நீங்கள் மூவரும் ஐந்து நிமிடம் இருந்து, குடித்து, கதைத்து, கால் ஆறிய நேரத்தில் அவன் வந்து சேர்வான். “ஆ, வந்திட்டான், வா போவம்” என்று எழும்பி நடப்பீர்கள். நடக்கப் பழகிய மூன்று பேருக்கு எட்டுத் தடவை ஓய்வு. பழகாத பிள்ளைக்கு ஒரு தடவையும் இல்லை. இதைக் காத்திருந்த கணக்கில் எழுதாதீர்கள்.

அவன் ஏன் கேட்கவில்லை என்று யோசித்தீர்களா? தகப்பன் மூன்று வருடமாகக் கடல் கடந்து இருக்கிறார். தாயும் மகனும் இருப்பது உங்கள் வீட்டில். அப்படி வளரும் பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும், என் தபால்பெட்டி முழுக்க அவர்கள்தான். இரண்டாவது தடவை சோறு கேட்க மாட்டார்கள். சப்பாத்து கிழிந்தால் சொல்ல மாட்டார்கள். காய்ச்சல் என்றால் தாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். மாமாவுக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கத் தேவையில்லை. அப்படிப்பட்டவன் உங்கள் நண்பர்களுக்கு முன்னால் தண்ணீர் கேட்பானா? கேட்காமல் கொடுப்பதற்குத்தான் நம் ஆட்கள் தாய்மாமன் என்று ஒரு உறவை வைத்திருக்கிறார்கள். காது குத்தும்போது மடியில் வைத்திருக்க மட்டும் இல்லை.

இனி உடம்பின் கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வாந்தியை நீங்கள் பயந்த குணம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆகஸ்டில் நக்கிள்ஸின் கிழக்குப் பக்கச் சரிவுகளில் மழை குறைவு, காற்று அதிகம். புல்வெளியில் நிழல் கிடையாது. திருகோணமலைப் பிள்ளைக்கு வெயில் பழக்கம் என்று நினைத்திருப்பீர்கள். நம் ஊர் வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டும், வியர்ப்பது தெரியும். மலைக்காற்று வியர்வையை வந்தவுடனேயே அள்ளிக்கொண்டு போய்விடும். சட்டை காய்ந்திருக்கும், உள்ளே தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும். தாகம் எப்போதும் பிந்தித்தான் வந்து சொல்லும். தலையிடி, குமட்டல், வாந்தி, காரணமில்லாத அழுகை: இது வெப்பத்தில் உடம்பு தளர்ந்துபோவதன் அடையாளம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது நிழல், கழுத்திலும் கக்கத்திலும் ஈரத்துணி, விசிறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், இருந்தால் கரைத்த ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற உப்புச்சீனிப் பொடி). நீங்கள் செய்தது ஏச்சு. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் பிள்ளை தடுமாறிப் பேசத் தொடங்கியிருப்பான். அந்தக் கட்டத்தில் 1990க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், அதுவும் அந்த மலையில் சிக்னல் கிடைத்தால்.

அத்தான் கட்டாரில் கட்டட வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே 2021இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெளி வெயிலில் வேலை வாங்கக் கூடாது. அந்த மனுஷனைக்கூட ஆகஸ்ட் மாத மத்தியானத்தில் நிழலில் இருத்தச் சட்டம் இருக்கிறது. அவருடைய மகனை அதே மாதம், அதே நேரத்தில் நிழலில்லாத புல்வெளியில் நீங்கள் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். அக்காவுக்கு ஏன் கோபம் என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

அந்த மூன்று மணித்தியாலக் கணக்கு எங்கிருந்து வந்தது? மலையேறுபவர்களிடம் ஒரு பழைய சூத்திரம் உண்டு. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் எழுதியது: 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னொரு மணித்தியாலம். அவர் நல்ல உடல்வாகுள்ள மலையேறி, கணக்குப் போட்டது குளிர்தேச மலைகளில், இருந்து இளைப்பாறும் நேரம் அதில் சேராது. உங்கள் நண்பர்களின் மூன்று மணித்தியாலமும் அதே சாதிதான். அது அவர்களுடைய கால்களின் கணக்கு. புதியவனைக் கூட்டிப்போகிற நாளில் அவனுடைய காலுக்குத்தான் கணக்குப் போட வேண்டும்: இரட்டிப்பு நேரம், விடியற்காலைப் புறப்பாடு, அப்புறம் “பதினொரு மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்பிவிடுவோம்” என்று வீட்டிலேயே பேசி வைத்த ஒரு நேரம். உச்சி எங்கும் ஓடாது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கதிர்காமப் பாதயாத்திரையில் அம்மம்மாவோடு மூதூரிலிருந்து வெருகல் வரை நடந்திருக்கிறேன். எங்கள் கூட்டத்தில் கால் வளைந்த ஒரு பெரியம்மா இருந்தா. அம்மம்மா அவவை வேல் தூக்கியவருக்கு நேர் பின்னால் விடுவா. வேலுக்கு முன்னால் யாரும் போக மாட்டார்கள், வேல் பெரியம்மாவை விட்டுப் போகாது. இளந்தாரிகள் எல்லாம் பின்னால் முணுமுணுத்துக்கொண்டு வருவார்கள். வரட்டும் என்பா அம்மம்மா. என் கழுத்தில் கயிறு கட்டி ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தல். பத்து வயதுப் பிள்ளைக்கு அது பாரம்தான், நெஞ்சில் இடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் வெருகல் கோயில் வாசல் வரைக்கும் நான் யாரிடமும் தண்ணீர் கேட்கவில்லை. கேட்க வேண்டி இருக்கவில்லை.

துணிவுள்ள பிள்ளையாக்குவது பற்றிக் கேட்டீர்கள். தலையிடியோடு, தண்ணீரில்லாமல், யாரிடமும் சொல்லாமல் பன்னிரண்டரை மணி வரை நடந்தவனிடம் துணிவு குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. அவனுக்குப் பழக வேண்டியது “மாமா, நில்லுங்கோ” என்று சொல்வது. அதை ஏசிப் பழக்க முடியாது.

அக்காவுக்கு எதையும் புரியவைக்கத் தேவையில்லை, அவவுக்கு எல்லாம் புரிந்துதான் இருக்கிறது. இன்றைக்கு இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, குசினியில் போய் இருந்து, “போத்தல் என்ர பையில இருந்தது அக்கா, நான் பார்க்கேல்ல” என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். வெயில், தூரம், நண்பர்கள் என்று காரணம் அடுக்கினால் எழும்பிப் போய்விடுவா. பிறகு அத்தானுக்கு நீங்களே அழைத்துச் சொல்லுங்கள், அவர் வேறு வாயால் கேட்பதற்கு முன்னால். பிள்ளையிடமும் மன்னிப்புக் கேளுங்கள். பெரியவர் சின்னவரிடம் மன்னிப்புக் கேட்பதா என்று நம் வீடுகளில் ஒரு வீம்பு இருக்கிறது. நான் அந்தக் கட்சி இல்லை.

அவன் வரமாட்டேன் என்பதை இப்போதைக்கு விடுங்கள். ஒரு மாதம் போகட்டும். ஒரு ஞாயிறு விடியற்காலையில் கோட்டை வாசலால் போய், மான்கள் நிற்கிற இடத்தைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறுங்கள், நீங்கள் இருவர் மட்டும். அவன் முன்னால், நீங்கள் பின்னால். அவன் நின்றால் நில்லுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள். இப்படி நாலைந்து தடவை போன பிறகு, மலைக்குப் போவமா என்று அவனாகக் கேட்டால் போகலாம். நண்பர்கள் வேண்டாம்.

அதற்கு முன்னால் அவனுக்கென்று ஒரு போத்தல் வாங்க வேண்டும், ஒரு லீற்றருக்குக் குறையாதது, தோளில் மாட்டுகிற பட்டியோடு. கடைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், நிறத்தை அவன் தெரிவுசெய்யட்டும். விலையை அவனுக்கு முன்னால் சொல்லிக்காட்டாதீர்கள்.