பிள்ளையின் நோட்டை முதலில் மூடுங்கள்

கேள்வி: பல வருடங்களாக விசுவாசியாக இருக்கிறேன். ஆனாலும் இன்றிரவு செத்தால் பரலோகம் போவேனா என்ற பயம் விடவில்லை. கூட்டங்களில் திரும்பத் திரும்ப என்னை இயேசுவுக்கு ஒப்புக்கொடுக்கிறேன். தினமும் பாவங்களை நோட்டில் எழுதி அறிக்கை செய்கிறேன், என்னைப் பார்த்து எட்டு வயது மகளும் எழுதுகிறாள். இரட்சிப்பின் நிச்சயம் எப்படி வரும்?

பதில்: சகோதரி, "நீங்கள் இரட்சிக்கப்பட்டவர்தான், கவலைப்படாதீர்கள்" என்று நான் எழுதினால் ஒரு வாரம் தாங்கும், அப்புறம் மறுபடி கடிதம் போடுவீர்கள். அது வேண்டாம். மகளும் எழுதுகிறாள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. எட்டு வயதுப் பிள்ளை என்னத்தை எழுதும்? அண்ணன் பென்சிலை எடுத்தேன், அம்மாவிடம் பொய் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு, ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று தூங்காமல் புரண்டுகொண்டிருக்கும்.

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தரும் துறவியாக இருந்த காலத்தில் இதே பயத்தில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தவர்தான். அவருக்கு வழிகாட்டியாக இருந்த ஸ்டௌபிட்ஸ், உன்னையே பார்த்துக்கொண்டிருக்காதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று அவரைத் திருப்பிவிட வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் அந்த வேலை உங்களுடையது. பெற்றவள் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டியது விசுவாசம், பயம் அல்ல!

ரோமர் 4:5ஐ எடுத்துப் படியுங்கள். தேவனைப் "பாவியை நீதிமானாக்குகிறவர்" என்கிறார் பவுல். தேறிவந்த நல்லவனை அல்ல, கிரியை, அதாவது நற்செயல், ஒன்றும் காட்டமுடியாத பாவியை. நீ நீதிமான் என்கிற அந்தத் தீர்ப்பு கிறிஸ்துவினிமித்தம் வருகிறது, நீங்கள் எவ்வளவு அழுதீர்கள் என்று பார்த்து வருவதில்லை. நீங்களோ விசுவாசத்தையே இன்னொரு கிரியையாக்கி, இன்றைக்கு அது போதுமா போதாதா என்று உங்களுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அங்கே தேடினால் என்ன கிடைக்கும்?

பாவ அறிக்கை கூடாதென்று சொல்லவில்லை, பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்று 1 யோவான் 1:9 இருக்கிறது. ஆனால் அது பிள்ளை அப்பாவிடம் மனம்விட்டுப் பேசுவது. பிள்ளையாக நீடிக்க மாதாமாதம் கட்டும் தவணை இல்லை.

இன்றிரவு நோட்டு வேண்டாம். லூக்கா 15ல், சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகன் கதையைச் சொல்லுங்கள். கூலிக்காரனாகவாவது வைத்துக்கொள்ளும் என்று கேட்க யோசித்து வந்தவனை, அந்த வார்த்தை வருமுன்னே அப்பா வேலைக்காரர்களைக் கூப்பிட்டு உயர்ந்த வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். "அப்போ தப்பு செஞ்சா பரவாயில்லையாம்மா?" என்று மகள் கேட்பாள், கேட்கட்டும். பரவாயில்லை என்று சொல்லாதீர்கள். காலையில் அண்ணனிடம் பென்சிலைக் கொடுத்து மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள், அவன் மன்னித்தாலும் முறைத்தாலும் நீ என் மகள்தான் என்றும் சொல்லுங்கள்.