3.7 சதவீதம் சின்னத் தொகையா?

கேள்வி: வளரும் நாடுகளிலிருந்து கள்ளத்தனமாக வெளியேறும் பணம் வளர்ச்சியைக் கெடுக்கிறது என்று முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். "ஆப்பிரிக்காவில் இது ஜிடிபியில் 3.7 சதவீதம்தானே, இதற்குப் போய் வளர்ச்சி நின்றுவிடுமா?" என்கிறார் வழிகாட்டி. என்ன பதில் சொல்வது?

பதில்: நியாயமான கேள்விதான். ஆனால் ஜிடிபியோடு ஒப்பிட்டால் எதுவும் சின்னதாகத்தான் தெரியும். அந்த 3.7 சதவீதம் அங்க்டாட் (ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி அமைப்பு) வெளியிட்ட 2020 அறிக்கையில் வருவது. தொகையாகச் சொன்னால் ஆண்டுக்குச் சுமார் 8,860 கோடி டாலர். அக்கண்டத்துக்கு வரும் வெளிநாட்டு உதவி, அந்நிய நேரடி முதலீடு இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட இவ்வளவுதான் வரும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. வழிகாட்டியிடம் இதை முதலில் காட்டுங்கள்.

அடுத்து, போவது எந்தப் பணம் என்று பாருங்கள். லஞ்சப் பணம்தான் எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் இதை ஆராய்ந்த, முன்னாள் தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ எம்பெக்கி தலைமையிலான குழு 2015-இல் பெரும்பங்கு வணிகத்தின் வழியாகவே போவதாகச் சொன்னது. ஒரு சுரங்க நிறுவனம் 100 டாலர் தாதுவை வெளிநாட்டிலுள்ள தன் கிளைக்கே 60 டாலர் என்று இன்வாய்ஸ் போட்டு அனுப்புகிறது. கிளை அதை 100-க்கு விற்கிறது. மிச்சம் 40 டாலர் ஊர் திரும்புவதில்லை. அரசுக்கு அதன் மீதான வரி போச்சு, மத்திய வங்கிக்கு டாலர் போச்சு, உள்ளூரில் முதலீடாகியிருக்க வேண்டிய சேமிப்பும் போச்சு. இறக்குமதியில் இன்னும் சாமர்த்தியம்: 100 டாலர் இயந்திரத்துக்கு 150 என்று பில் போட்டால், கூடுதல் 50 டாலர் வெளியே போவதோடு, அந்தப் பொய் விலைக்கு வருடா வருடம் தேய்மானம் (இயந்திரம் பழசாவதால் குறையும் மதிப்பு) என்று வரிக் கணக்கிலும் கழித்துக்கொள்ளலாம்! டாலர் பற்றாக்குறையை அரசு கடன் வாங்கித்தான் அடைக்கும். வட்டி கட்டியது போக பள்ளிக்கும் சாலைக்கும் மிஞ்சுவது குறையும்.

சரி, ஆய்வேட்டுக்கு வருவோம். ஏற்றுமதி நாட்டின் கணக்கையும் இறக்குமதி நாட்டின் கணக்கையும் ஒப்பிட்டு வித்தியாசம் முழுவதையும் மோசடி என்று எழுதிவிடாதீர்கள். கப்பல் கூலி, காப்பீடு இறக்குமதிக் கணக்கில்தான் சேரும். தென்னாப்பிரிக்கத் தங்கம் விஷயத்தில் அங்க்டாட்டே 2016-இல் இப்படி ஒப்பிட்டு விமர்சனத்துக்கு ஆளானது. அங்கே தங்க ஏற்றுமதி நாடுவாரியாகப் பதிவாகவில்லை; அதனால் வந்த வித்தியாசமே மோசடி போலத் தெரிந்தது. அப்புறம், காரண காரியம் தலைகீழாகவும் இருக்கலாம்: பொருளாதாரம் படுத்துவிட்டால், நாணய மதிப்பு விழும் என்ற பயத்தில் பணம் ஓடும். பல நாடுகளை ஒரே சமன்பாட்டில் போடுவதைவிட ஒரு நாடு, ஒரு பொருள் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். தாமிரமோ கோகோவோ போதும்.