கட்டடத்தைப் பார்த்து எழுத்துரு செய்யலாமா? கேள்வி பதில்

தலைப்பு எழுத்துரு, அதாவது பெரிய அளவில் தலைப்புகளுக்குப் போடும் ஃபான்ட், வரைவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கே: அண்ணா, எங்கள் ஊர் பழைய தியேட்டர் முகப்பை வைத்து ஒரு தமிழ் எழுத்துரு செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

ப: முகப்பை அப்படியே எழுத்துக்குள் திணிக்காதீர்கள், தூண், ஜன்னல், வளைவு எல்லாம் சேர்ந்தால் கல்யாண மண்டப வாசல் மாதிரி ஆகிவிடும். ஒரே ஒரு விதியை எடுங்கள்: மூலை எப்படித் திரும்புகிறது, இல்லை உயரத்துக்கு அகலம் எவ்வளவு. அதை ட, க, ழ, ண நான்கிலும் போட்டுப் பாருங்கள். ட எப்படியும் அழகாகத்தான் வரும், அதை நம்பாதீர்கள். ழ தாங்குகிறதா என்பதுதான் கேள்வி.

கே: யாராவது இப்படிச் செய்து ஜெயித்திருக்கிறார்களா?

ப: 2008 ஒபாமா பிரசாரப் பதாகைகளில் இருந்த காதம் (Gotham) என்ற ஆங்கில எழுத்துரு அப்படி வந்ததுதான். டோபயஸ் ஃப்ரெர்-ஜோன்ஸ் 2000-ல் ஜிக்யூ (GQ) பத்திரிகைக்காக வரைந்தார். நியூயார்க் போர்ட் அத்தாரிட்டி பேருந்து நிலைய முகப்பு எழுத்து அவரைப் பிடித்துக்கொள்ள, மன்ஹாட்டன் தெருக்களில் நடந்து பழைய கட்டட எழுத்துகளைப் படமெடுத்துத் தள்ளினார். ஸ்கேலும் காம்பஸும் பிடிக்கும் இன்ஜினியர் போடுகிற எழுத்து அது, அந்த விறைப்பை அவர் கெடுக்கவில்லை. கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நியூட்ராவின் கட்டட எழுத்துகளிலிருந்து கிறிஸ்டியன் ஷ்வார்ட்ஸ் வரைந்த நியூட்ராஃபேஸ் எழுத்துருவையும் பாருங்கள். ஏ, எச் மாதிரி எழுத்துகளின் குறுக்குக்கோடுகள் நன்றாகக் கீழே இறங்கியிருக்கும். ஒரே ஒரு விதி, முழு எழுத்துருவும் அதில்தான் நிற்கிறது.

கே: தியேட்டர் பெயர்ப் பலகையில் ஏழெட்டு எழுத்துதான் இருக்கிறது. மீதி?

ப: நீங்கள்தான் வரைய வேண்டும். ரோமின் டிராஜன் தூண் கல்வெட்டில் எச், ஜே, கே, யூ, டபிள்யூ எதுவும் கிடையாது. 1989-ல் கரோல் டுவாம்ப்ளி அதிலிருந்து டிராஜன் எழுத்துருவைச் செய்தபோது இவற்றைத் தானே வரைந்து சேர்த்தார். நம் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது, அதற்காக இன்றைக்குப் புள்ளி இல்லாமல் எழுத்துரு விட முடியுமா?

கே: அளந்துதான் வரைந்தேன், ஆனாலும் ட-வின் அடிக்கோடு தடிப்பாகத் தெரிகிறதே?

ப: ஒரே அளவில் போட்டால் கிடைக்கோடு கண்ணுக்குத் தடிப்பாகத்தான் தெரியும், கொஞ்சம் மெலிதாக்குங்கள். வளைவு எழுத்துகள் மேல், கீழ் எல்லைக்கோட்டைத் துளி தாண்டட்டும், இல்லாவிட்டால் குட்டையாகத் தெரியும்.

கே: உகர, ஊகார வரிசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

ப: கூடாது. 36 எழுத்து, வேலையே அங்கேதான் இருக்கிறது. ஞூ, ணூ இரண்டையும் முதல் வாரமே வரையுங்கள், அவற்றுக்கு இடம் போதவில்லை என்றால் மொத்த விகிதத்தையும் மாற்ற வேண்டிவரும்.

கே: மென்பொருள்?

ப: ஃபான்ட்ஃபோர்ஜ், இலவசம். மேக் இருந்தால் கிளிஃப்ஸ், அது காசு.