ஆப்பிரிக்காவில் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி கொடுத்துப் பழகியவர்கள் எதையெல்லாம் பார்ப்பார்கள்?

கேள்வியின் சுருக்கம்: அமெரிக்காவில் பதிவான சிறிய குடும்ப அறக்கட்டளை. கென்யாவில் ஓர் உள்ளூர் தொண்டு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 40,000 டாலர் கொடுக்க நினைக்கிறது. பிறகு மலாவி, எத்தியோப்பியா பக்கமும் போகும் எண்ணம். இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

புதிதாகக் கொடுப்பவர்களின் பயமெல்லாம் திருட்டைப் பற்றித்தான். திருட்டு இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கிராண்ட், அதாவது கொடுக்கும் நிதி, கெட்டுப்போவது பெரும்பாலும் சாதாரணக் காரணங்களால்: பணம் தாமதமாக வரும், நாணய மதிப்பு மாறும், பட்ஜெட்டில் சம்பளத்தின் மேல்செலவு விட்டுப்போயிருக்கும். இந்த நஷ்டங்களில் எதை நாம் ஏற்பது, எதை அந்தச் சிறிய நிறுவனத்தின் தலையில் கட்டுவது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பேசி முடிப்பவர்தான் கைதேர்ந்தவர்.

பதிவுச் சான்றிதழில் ஆரம்பியுங்கள். கென்யாவில் 1990ஆம் ஆண்டு என்ஜிஓ சட்டத்துக்குப் பதிலாக 2013இல் நிறைவேறிய பொதுநல அமைப்புகள் சட்டம், 2024 மே 14 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய சட்டத்தின் கீழ் என்ஜிஓ வாரியம் கொடுத்த சான்றிதழை மட்டும் நீட்டினால், புதிய சட்டப்படி நிலை என்ன என்று கேளுங்கள். எல்லோரும் இந்தச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. சிலர் உத்தரவாத வரம்புள்ள கம்பெனி (பங்கு மூலதனம் இல்லாத, லாப நோக்கமற்ற கம்பெனி வகை), சிலர் டிரஸ்ட், சிலர் சமூகக் குழு. கம்பெனி என்றால் இயக்குநர்கள் யார் என்று காட்டும் சிஆர்12 என்ற அரசுத் தாளை, புதிதாக எடுத்ததாக வாங்குங்கள். கூடவே கேஆர்ஏ (கென்ய வரித்துறை) தரும் பின் என்ற வரி எண்ணும் வரி இணக்கச் சான்றிதழும். சான்றிதழில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். 'லிமிடெட்' என்ற ஒரு சொல் விட்டுப்போனாலே பணம் இடைநிலை வங்கியில் வாரக்கணக்கில் நிற்கும், அல்லது கட்டணம் பிடித்துக்கொண்டு திரும்பும். கென்யா 2024 பிப்ரவரியில் எஃப்ஏடிஎஃப் என்ற சர்வதேசப் பணமோசடித் தடுப்பு அமைப்பின் சாம்பல் பட்டியலில் (கூடுதல் கண்காணிப்பில் உள்ள நாடுகள்) சேர்க்கப்பட்டதிலிருந்து வங்கிகள் கூடுதலாகவே கேள்வி கேட்கின்றன. அனுப்பும்போது வங்கிப் படிவத்தில் 'OUR' என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, கட்டணத்தை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கச் சட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, செலவுப் பொறுப்பு முறை, அதாவது பணம் சொன்ன காரியத்துக்கே செலவாகிறதா என்று நீங்களே கண்காணிப்பது: முன்விசாரணை, எழுத்து ஒப்பந்தம், ஆண்டறிக்கை, அறக்கட்டளையின் ஆண்டு வரிப் படிவமான 990-பிஎஃப்பில் தகவல். மற்றொன்று, அந்த நிறுவனம் அமெரிக்கப் பொதுத் தொண்டு நிறுவனத்துக்குச் சமமானது என்று தகுதியுள்ள வரி நிபுணரிடம் எழுத்தில் கருத்து வாங்குவது. என்ஜிஓசோர்ஸ் போன்ற அமைப்புகள் இதற்கென்றே இருக்கின்றன. இரண்டும் செய்யாமல் அனுப்பினால் தொகையில் 20% அபராத வரி உங்கள் அறக்கட்டளை மீது விழும். பல ஆண்டு உறவு என்றால் இரண்டாவது வழிதான் நல்லது. குறிப்பிட்ட திட்டத்துக்கு என்று கட்டிப்போடாமல், நிறுவனத்தின் பொதுச் செலவுக்கே கொடுப்பது அதில் எளிது.

அடுத்தது நாணயம். இதில் சறுக்கியவர்கள் ஏராளம். டாலரில் கொடுத்தால் வாங்குபவருக்குப் பாதுகாப்பு என்று எல்லோரும் நினைப்பார்கள். 2024 ஜனவரியில் ஒரு டாலருக்குச் சுமார் 160 கென்ய ஷில்லிங். அதே ஆண்டு ஏப்ரலில் சுமார் 130. அதாவது 40,000 டாலர் 64 லட்சம் ஷில்லிங்காக இருந்து 52 லட்சமாகிவிட்டது. மாதம் ஒரு லட்சம் ஷில்லிங் வாங்கும் ஊழியர் ஒருவரின் ஓராண்டுச் சம்பளம் அப்படியே காணாமல் போயிற்று. ஷில்லிங் வலுத்ததை நாடே கொண்டாடியபோது டாலர் கிராண்டை நம்பியிருந்த அலுவலகங்கள் கையைப் பிசைந்தன. மலாவியில் நேர் எதிர்: 2023 நவம்பரில் அந்நாட்டு நாணயமான குவாச்சா 44% மதிப்பிறக்கப்பட்டது, டாலருக்கு 1,180 ஆக இருந்தது 1,700 ஆனது. குவாச்சாவில் தொகையை நிர்ணயித்து ஒப்பந்தம் போட்டவர்களுக்குப் பணம் அப்படியே வந்தது. டீசல், மருந்து போன்ற இறக்குமதிச் சரக்குகளின் விலை மட்டும் எகிறியது.

எனவே பட்ஜெட்டை உள்ளூர் நாணயத்தில் போடச் சொல்லுங்கள், தொகையை டாலரில் எழுதுங்கள், கணக்கிட்ட மாற்று விகிதத்தை ஒப்பந்தத்திலேயே குறியுங்கள். விகிதம் 10 சதவீதத்துக்கு மேல் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இருவரும் உட்கார்ந்து பேசுவோம் என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் பக்கம் 5 முதல் 8 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள், விகிதம் பாதகமானால் அதிலிருந்து ஈடுகட்டலாம். சாதகமானால் கூடுதல் தொகையைத் திருப்பிக் கேட்காதீர்கள். நிறுவனத்தின் சேமிப்பு நிதிக்குப் போகட்டும். செனகல், பெனின் போன்ற நாடுகளில் இந்தத் தலைவலி குறைவு. அங்கே புழங்கும் சிஎஃப்ஏ பிராங்க் ஒரு யூரோவுக்கு 655.957 என்று கட்டப்பட்டிருக்கிறது. யூரோவில் எழுதினால் போதும்.

பட்ஜெட்டில் முதலில் சம்பள வரியைப் பாருங்கள். நிகரச் சம்பளத்தை மட்டும் போட்டிருந்தால் அந்த நிறுவனம் எங்கோ கடன் வாங்கப்போகிறது என்று அர்த்தம். கென்யாவில் முதலாளி தன் பங்காக என்எஸ்எஸ்எஃப் ஓய்வூதியத்துக்குச் செலுத்த வேண்டும், அதற்கு மேல் வீட்டுவசதி வரி 1.5%. ஊழியரின் மொத்தச் சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்ட வேண்டியவை தனி: வருமான வரி, என்எஸ்எஸ்எஃப், 2.75% மருத்துவக் காப்பீடு, இன்னொரு 1.5% வீட்டுவசதி வரி. வாடகை, கணக்காளர், ஆடிட், இணையம் எல்லாம் 'நிர்வாகச் செலவு' என்று 5 சதவீதத்துக்குள் அடங்கியிருந்தால் அது பொய்க் கணக்கு. கொடுப்பவர்களின் வாய்க்குப் பயந்து எழுதிய பொய் அது. நேராகக் கேளுங்கள், உண்மைத் தொகை வரும். எத்தியோப்பியாவில் மட்டும் இந்தச் சுதந்திரத்துக்கு எல்லை உண்டு: 2019ஆம் ஆண்டின் 1113ஆம் எண் சட்டம் நிர்வாகச் செலவுக்கு 20% உச்சவரம்பு வைத்திருக்கிறது. எது நிர்வாகம், எது திட்டம் என்பதை அங்குள்ள கணக்காளரோடு உட்கார்ந்து பிரித்துக்கொள்ளுங்கள்.

எத்தியோப்பிய ரசீதுகளில் இன்னொன்று. அவர்கள் நாட்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்தங்கியது. 12/03/2016 என்று ஒரு டீசல் ரசீது வந்தால் அது 2023 நவம்பர் 22. இது தெரியாமல் "பழைய பில்லைச் சொருகியிருக்கிறார்கள்" என்று தலைமையகத்தில் யாரோ சிவப்பு மையில் வட்டம் போடுவார். நேர்மையான கணக்காளர் ஒரு மாதம் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். ரசீது அட்டவணையில் இரண்டு தேதிக்கும் தனித்தனிப் பத்தி வைத்தால் தீர்ந்தது.

கென்யாவில் கிராமத்துச் செலவுகள் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில் நடக்கும். இது நல்லதே, காகித ரசீதைவிட நம்பகமானது. ஒரு முறைக்கு உச்சவரம்பு 2,50,000 ஷில்லிங். பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் மொத்தப் பட்டுவாடா வசதியைப் பயன்படுத்தச் சொல்லி, அதன் அறிக்கையையே ரசீதாக ஏற்றுக்கொள்ளுங்கள். பயனாளியின் பெயரும் திரையில் வரும் பெயரும் பல நேரம் பொருந்தாது. சிம் கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ இருக்கும். இதை மோசடி என்று முத்திரை குத்தாமல், யாருடைய எண் என்ற உறுதிமொழித் தாளை முன்கூட்டியே வாங்கி வைப்பதுதான் முறை. பணம் எடுக்கும் கட்டணத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

கூட்டப்படி விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். பயிற்சிக்கு வரும் அரசு ஊழியர்களும் ஊர்ப் பெரியவர்களும் பயணப்படி எதிர்பார்ப்பார்கள். நீங்கள் பட்ஜெட்டில் அனுமதிக்காவிட்டால் அது நிற்காது, சாப்பாட்டு பில்லுக்குள் புகுந்துகொள்ளும். அந்த மாவட்டத்தில் மற்ற நன்கொடையாளர்கள் கொடுக்கும் அளவை விசாரித்து, அதே அளவில் வெளிப்படையாக ஒரு வரி போடுங்கள்.

தவணைகளைப் பொறுத்தவரை, 40,000 டாலருக்கு இரண்டு போதும். முதலில் 60%, ஆறாம் மாதம் ஒரு தொலைபேசிப் பேச்சும் இரண்டு பக்க அறிக்கையும் முடிந்ததும் மீதி. கடைசி 20 சதவீதத்தை இறுதி ஆடிட் வரை நிறுத்தி வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கையிருப்பு இல்லாத நிறுவனம் அந்தத் தொகைக்கு வட்டிக்கு வாங்கித்தான் வேலையை முடிக்கும்.

வெளியேறுவதையும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை ஒரே நாளில் நிறுத்தியபோது, ஒரே நன்கொடையாளரை நம்பியிருந்த அமைப்புகள் சம்பளம் போட முடியாமல் நின்றன. உங்கள் பங்கு அவர்களின் ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்துவதானால் ஓராண்டு முன்னறிவிப்பு கொடுங்கள். கென்ய வேலைவாய்ப்புச் சட்டப்படி ஆட்குறைப்பு செய்தால் பணியாற்றிய ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் குறைந்தது 15 நாள் ஊதியம் தர வேண்டும். அந்தத் தொகையை முதல் ஆண்டிலிருந்தே பட்ஜெட்டில் ஒரு வரியாக ஒதுக்கி, தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.