செவ்வாயைப் படிக்க நிலவும் வெள்ளைக்கல்லும் எதற்கு?

நிலவிலும் நம் ஊர்ப் பாறைகளிலும் மெனக்கெடாமல் நேராகச் செவ்வாயையே ஆராயக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆராய்கிறார்கள்தான். ஆனால் அங்கே ஊர்ந்து ஆராயும் ரோவர் வண்டி அனுப்பும் அளவை எதோடு ஒப்பிடுவது? சேலத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம்.

முதலில் தரையின் வயது. விண்கல் விழுந்த குழிகள் அதிகமென்றால் பழைய தரை, குறைவென்றால் புதிய தரை. சரி, எத்தனை கோடி ஆண்டு? அதைச் சொல்ல நிலவுதான் வேண்டும். 1969 முதல் 1972 வரை அப்பல்லோ பயணங்களில் வந்த 382 கிலோ கல்லையும் மண்ணையும் ஆய்வகத்தில் வயது கணித்து, அவற்றை எடுத்த இடத்துக் குழிகளின் எண்ணிக்கையோடு பொருத்தினார்கள். அந்தக் கணக்கையே, ஈர்ப்பு விசைக்கும் விண்கற்களின் வேகத்துக்கும் ஏற்ப மாற்றி, செவ்வாய்க்கும் புதனுக்கும் போடுகிறார்கள். 2020-இல் சீனாவின் சாங்'இ-5 விண்கலம் நிலவிலிருந்து கொண்டுவந்த எரிமலைப் பாறைக்கு 200 கோடி ஆண்டு வயது. அதுவரை அந்தக் காலத்துக்குக் கையில் கல்லே இல்லை. நிலவில் ஒரு வயது மாறினால் செவ்வாயின் வரலாறே நகரும். அதனால்தான் இன்னும் நிலவுக்குப் போக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

குழிகளைப் பூமியில் எண்ண முடியாது. மழையும் காற்றும் அழித்துவிடும். ஏற்காட்டு மலையுச்சியில் இருக்கும் பாக்சைட் என்ற அலுமினியத் தாது, சார்னோகைட் என்ற கடினப் பாறையை மழைநீர் காலங்காலமாகக் கரைத்த பிறகு மிஞ்சியது. மழையே இல்லாத நிலவில் பாறை அப்படிக் கரைய வழியில்லை.

சந்திரயான் சோதனைக்கு இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தது, நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறையிலிருந்து. நிலவின் மேட்டுநிலமும் பெரும்பாலும் அதே வகைப் பாறைதான். ஆனால் பிறந்த விதம் வேறு. நிலவின் பெரும்பகுதி உருகிக் கிடந்தபோது எடை குறைந்த கனிமம் மேலே மிதந்து அங்கே மேலோடானது. சித்தம்பூண்டியில் பூமிக்கு அடியில் தேங்கிய பாறைக்குழம்பு அடுக்கடுக்காக இறுகியது. ஒரே பாறை என்பதால் ஒரே கதை என்று முடிவு கட்டக் கூடாது. வேறு கோளின் படத்தைப் பார்க்கும் எவருக்கும் முதலில் வேண்டிய எச்சரிக்கை இது.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட் என்ற மெக்னீசியம் கார்பனேட். சேலத்தை ஒட்டிய கருப்பூர் பக்கம் போனால் வெள்ளை வெளேரென்று குவிந்திருக்கும். மெக்னீசியம் நிறைந்த டூனைட் பாறையில் கரியமில வாயு கலந்த நீர் இறங்கி, வெடிப்புகளில் நரம்பு நரம்பாகப் படிந்தது. செவ்வாயிலும் மெக்னீசியம் கார்பனேட் இருப்பதை 2008-இல் சுற்றுக்கலத்தின் அளவுகள் காட்டின. 2021-இல் நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர் இறங்கிய ஜெசீரோ பள்ளத்திலும் கார்பனேட் இருக்கிறது. கார்பனேட் இருந்தால் பெரும்பாலும் அங்கே நீர் இருந்திருக்கிறது. அந்த நீர் பாறைக்குள் ஊறிய நீரா, ஏரியில் நின்ற நீரா என்பதுதான் அடுத்த கேள்வி. நம் ஊரில் இருப்பதுபோல் கார்பனேட் வெடிப்புகளில் நரம்பாக ஓடுகிறதா, அடுக்காகப் படிந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் அதைப் பிரிக்க முடியும்.